ஐந்து மீட்டர் டேப்பும் ஒரு மெயின் ரோடும்

உங்கள் தெருமுனையில் இருக்கிற மெயின் ரோட்டைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நான் எண்ணினேன். எங்கள் ரோடு ஓரத்திலிருந்து ஓரம் 18 மீட்டர். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு, அவரோடு கடந்தால் 24 விநாடி. சிக்னலில் பச்சை மனிதன் எரிவது 11 விநாடி. மீதி 13 விநாடி அவர் எங்கே நிற்பது என்று சம்பந்தப்பட்ட ஆபீசில் போய்க் கேட்டேன். "மீடியன்ல நின்னுக்கலாமே சார்" என்றார்கள். அந்த மீடியனின், அதாவது ரோட்டு நடுவில் இருக்கிற தடுப்பின், அகலம் ஒன்றரை அடி, அதிலும் நடுவில் அரளிச்செடி.

அன்றைக்கு ஒன்று புரிந்தது. "ரோட்டைக் கடக்கப் பாதுகாப்பு வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று ஒரு வரி பதில் வரும், அதோடு சரி. "18 மீட்டர், 24 விநாடி, நீங்கள் கொடுப்பது 11" என்று எழுதினால் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது, யாராவது ஒருவர் நேரில் வந்து பார்த்தாக வேண்டும். நான்கு வருடமாக எங்கள் ரோட்டுக்காக அலைந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த ஊர் சென்னை என்பதால் அதை வைத்தே எழுதுகிறேன், மற்ற ஊர்க்காரர்கள் ஆபீஸ் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் நம் வேலையா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2022இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். வண்டியே ஓட்டாதவர்கள்.

முதலில், ரோடு யாருடையது

மனு கொடுக்கிற பலர் சறுக்குவது இங்கேதான். மெயின் ரோடு என்றால் எல்லாம் மாநகராட்சி என்று நினைத்துக்கொண்டு கவுன்சிலரிடம் போய் நிற்கிறோம். சென்னையில் அண்ணா சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கிறது, ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலை தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்திடம். மாநகராட்சிக்குச் சொந்தமானதிலும் பஸ் ஓடுகிற ரோடுகளைத் தலைமை அலுவலகத்தில் 'பேருந்து தட சாலைகள் துறை' என்று தனியாக ஒரு துறை பார்க்கிறது, உட்புறத் தெருக்களைத்தான் மண்டல அலுவலகம் பார்க்கும். சிக்னலும் பேரிகேடும் போக்குவரத்து போலீஸ். நடைபாதையில் நிற்கிற பில்லர் பாக்ஸ் என்கிற கரண்ட் பெட்டி மின்வாரியம், மேன்ஹோல் மூடி குடிநீர் வாரியம், பஸ் எங்கே நிற்கும் என்பது எம்டிசி, அதாவது மாநகரப் போக்குவரத்துக் கழகம். ஒரே ரோட்டுக்கு இத்தனை முதலாளிகள். ஒருவரிடம் போனால் அவர் அடுத்தவரைக் கை காட்டுவார், அது பொய்யும் இல்லை.

அதனால் முதல் வேலை ஒரு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒரு வெள்ளைத்தாள், முப்பது நாள் பொறுமை. அரசாங்கத்திடம் ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. நீளமாக எழுத வேண்டாம், இவ்வளவு கேட்டால் போதும்: இந்த ரோடு எந்தத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது, ஆவணப்படி அதன் மொத்த அகலம் எவ்வளவு, கடைசியாகத் தார் போட்டது எப்போது, ஒப்பந்ததாரரின் பராமரிப்புப் பொறுப்பு எந்தத் தேதி வரை, அடுத்த வேலைக்கு எஸ்டிமேட் போட்டாயிற்றா. போக்குவரத்து போலீசுக்குத் தனியாக இன்னொன்று: இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை கடந்த மூன்று வருடத்தில் பதிவான விபத்துகள், தேதி, நேரம், அடிபட்டவர் நடந்து போனவரா, இருசக்கர வண்டியா, சைக்கிளா. பெயர் விவரம் கேட்காதீர்கள், கேட்டால் அதையே காரணம் காட்டி மறுத்துவிடுவார்கள்.

மூன்று வருடம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைகளில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று வருடத்தில் உயிரிழப்போ கொடுங்காயமோ உண்டான ஐந்து விபத்து, அல்லது மொத்தம் பத்து மரணம் நடந்திருந்தால் அந்த இடம் 'பிளாக் ஸ்பாட்' ஆகிறது. உங்கள் ரோடு நெடுஞ்சாலையாக இல்லாவிட்டாலும் அதே அளவுகோலை வைத்துப் பேசினால் என்ஜினியர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

டேப்பை எடுங்கள்

ஆர்டிஐ பதில் வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். ஹார்டுவேர் கடையில் ஐந்து மீட்டர் டேப் ஒன்று, தெருவில் கோடு போட ஒரு சாக்பீஸ், ஸ்டாப்வாட்ச் இருக்கிற ஒரு போன். கூட ஒருவர் இருந்தால் நல்லது. எனக்கு வாய்த்தவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஐயா, எண்பது வயது, இன்னும் காலடியிலேயே ரோட்டை அளந்து சொல்லக்கூடியவர்.

வேகம் அளப்பதற்கு ரேடார் துப்பாக்கி தேவையில்லை. நடைபாதை ஓரமாக 50 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒரு வண்டி முதல் கோட்டைத் தாண்டும்போது ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி, இரண்டாவதைத் தாண்டும்போது நிறுத்துங்கள். 6 விநாடி என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர். 3.6 விநாடி என்றால் 50. 3 விநாடி என்றால் 60. ஐம்பது வண்டியாவது பாருங்கள், காலை நெரிசலில் பார்க்காமல் ராத்திரி பத்து மணிக்குப் பாருங்கள், ஏனென்றால் ரோடு காலியானதும்தான் அதன் நிஜமான குணம் தெரியும். சென்னையில் 2023 நவம்பரில் அறிவித்த வரம்பு கார்களுக்கு 60, பைக்குக்கும் கனரக வண்டிக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் 30. எங்கள் ரோட்டில் ராத்திரி நான் பார்த்த பைக்குகளில் பாதிக்கு மேல் இரண்டரை விநாடியில் கடந்தன, அதாவது 70க்கும் மேலே.

இந்த எண் ஏன் முக்கியம் என்றால், உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி கார் வேகம் 50லிருந்து 65க்கு ஏறினால் அடிபட்டு நடப்பவர் சாகும் வாய்ப்பு நாலரை மடங்காகிறது. ஓட்டுகிறவருக்கு அந்தப் பதினைந்து கிலோமீட்டர் ஒன்றும் பெரிதாகத் தெரியாது, அடுத்த சிக்னலில் எப்படியும் நின்றாக வேண்டும்.

அப்புறம் நடைபாதை. பத்து மீட்டருக்கு ஒரு இடத்தில் நின்று, ஆள் தடையில்லாமல் நடக்கக்கூடிய அகலத்தை மட்டும் அளங்கள். நடைபாதையின் மொத்த அகலம் நமக்கு வேண்டாம், அதைத்தான் காண்ட்ராக்டர் பில்லில் எழுதியிருப்பார். மூன்று மீட்டர் நடைபாதையில் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் நின்றால் நடக்கிற அகலம் 60 சென்டிமீட்டர், அதையே எழுதுங்கள். போட்டோ எடுக்கும்போது டேப்பை விரித்து, எண் தெரியும்படி எடுங்கள். டேப் இல்லாத போட்டோவைப் பார்த்து "இடம் இருக்கே" என்பார்கள், டேப் இருந்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

ஒப்பிடுவதற்கு அளவு வேண்டுமா? இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு வெளியிட்ட ஐஆர்சி 103 என்ற நெறிமுறை இருக்கிறது, 2012 பதிப்பு. குடியிருப்புப் பகுதியில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர், கடைப் பகுதியில் 2.5 மீட்டர், தலைக்கு மேல் 2.2 மீட்டர் காலியாக இருக்க வேண்டும், நடைபாதை உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது, சாய்தளம் 12க்கு 1, அதாவது 12 அடி நீளத்துக்கு 1 அடி ஏற்றம். இந்த நாலைந்து எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உயரம் சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் ஒன்றரை அடி உயரத்தில் நடைபாதையைக் கட்டிவிட்டு, வீட்டுக்கு வீடு கார் ஏறுவதற்காக அதை வெட்டிச் சரித்துவைத்திருக்கிற ரோட்டில் யாரும் மேலே நடக்க மாட்டார்கள், ஏறி இறங்கி ஏறி இறங்கி மூட்டு கழன்றுவிடும். ஜனங்கள் ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள் என்றால் அதற்கு நாகரிகம் தெரியாதது காரணம் இல்லை, இதுதான்.

கடைசியாக, ஜனங்கள் எங்கே கடக்கிறார்கள் என்று பாருங்கள். காலை எட்டரையிலிருந்து எட்டே முக்கால் வரை ஒரு டீக்கடையில் உட்கார்ந்தால் போதும். ஒரு தாளில் ரோட்டை வரைந்து, ஒவ்வொரு ஆள் கடக்கும்போதும் ஒரு கோடு இழுங்கள். பத்து நிமிடத்தில் தாளில் இரண்டு மூன்று இடங்களில் கோடுகள் கற்றையாகச் சேரும். எங்கள் ரோட்டில் ஜீப்ரா கோடு இருந்தது ஒரு பெட்ரோல் பங்க் எதிரே, கோடுகள் சேர்ந்ததோ பஸ் ஸ்டாப்பையும் ரேஷன் கடையையும் சேர்க்கிற இடத்தில், எண்பது மீட்டர் தள்ளி. அங்கே மீடியனில் போட்டிருந்த இரும்புக் கிராதியில் ஒரு கம்பியை யாரோ எப்போதோ வளைத்துவைத்திருந்தார்கள், அதன் விளிம்பு புடவை உரசி உரசிப் பளபளவென்று இருந்தது. எங்கே கிராசிங் வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சர்வே கிடையாது, அதையும் டேப் வைத்துப் போட்டோ எடுத்தேன்.

என்ன கேட்பது, என்ன கேட்கக்கூடாது

முதல் மனுவில் நான் கேட்டது நடைமேம்பாலம். பெருமையாகத்தான் கேட்டேன். ஓவர்சியர் ஐயா படித்துவிட்டு, "உங்க அம்மா ஏறுவாங்களா?" என்றார். பஸ்ஸும் லாரியும் கீழே போக வேண்டும் என்றால் பாலம் ஐந்தரை மீட்டர் உயரம் வேண்டும், படிக்கட்டு என்றால் ஏறுவதற்கு 36, 37 படி, இறங்கவும் அதே அளவு. எதிரே இருக்கிற மருந்துக்கடைக்குப் போக எழுபது படி. லிஃப்ட் வைப்பார்கள், ஆறு மாதத்தில் அதற்குப் பூட்டு விழும். ராத்திரியில் பெண்கள் ஏற மாட்டார்கள். சுரங்கப்பாதை என்றால் மழைக்குக் குளம். ஆள் மேலே ஏறிச் சுற்ற வேண்டும், வண்டி நேராகப் போகலாம் என்பதுதான் இந்தப் பாலங்களுக்குப் பின்னால் இருக்கிற கணக்கு. எட்டுவழி நெடுஞ்சாலையில் வேறு வழியில்லாமல் இருக்கலாம், ஊருக்குள் வேண்டாம்.

தரைமட்டத்தில் கேளுங்கள். முதலாவது, ஜனங்கள் கடக்கிற அதே இடத்தில் ஜீப்ரா, அதுவும் உயர்த்திய ஜீப்ரா, அதாவது டேபிள் டாப். நடைபாதை மட்டத்திலேயே கிராசிங்கும் போகும், வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் சரிவு நீளமாக இருந்தால் பஸ்ஸும் ஆம்புலன்சும் குலுங்காமல் போகும், வேகமாக வருகிற வண்டி மட்டும் தானாக மெதுவாகும். சாதாரண ஸ்பீடு பிரேக்கர் கேட்டால் கவனமாகக் கேளுங்கள். ஐஆர்சி சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், நம் ஊரில் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுவிட்டுப் போவது ஒரு அடி அகலத்தில் சுவர் மாதிரி ஒன்று. வர்ணமும் இல்லாமல், மேலே விளக்கும் இல்லாமல் இருக்கிற அந்தச் சுவரில் பின்னால் உட்கார்ந்து வரும் பெண்கள் தூக்கி எறியப்பட்டு இறப்பதைச் செய்தித்தாளில் வாரம் ஒருமுறையாவது பார்க்கிறோம்.

இரண்டாவது, மீடியனில் நிற்க இடம். ஆள் கையில் குழந்தையோடும் பையோடும் நிற்க ஒன்றரை மீட்டராவது வேண்டும், இரண்டு மீட்டர் இருந்தால் சைக்கிளோடு நிற்கலாம். அரளிச்செடி வேண்டாம், இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து குழந்தையை மறைக்கிறது. மூன்றாவது, சிக்னல் நேரம். இதற்குச் செலவே கிடையாது, பெட்டியைத் திறந்து எண்ணை மாற்றினால் முடிந்தது, அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைக் கேளுங்கள். ஒரு விநாடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாக நடக்கிறவர்களைக் கணக்கில் வைத்து நேரம் கேளுங்கள், இளந்தாரிகள் எப்படியும் ஓடிவிடுவார்கள்.

நான்காவதை யாரும் கேட்பதில்லை: முக்கு. நம் ஜங்ஷன்களில் இடதுபக்கத் திருப்பத்தைப் பெரிய வளைவாகச் செதுக்கி, சிக்னலுக்கு நிற்காமல் திரும்பும் 'ஃப்ரீ லெஃப்ட்' ஆக்கிவைத்திருக்கிறார்கள். வளைவு பெரிதானால் வண்டி வேகம் குறையாமல் திரும்பும், கடக்கிற தூரமும் நீளும். அந்த முக்கைச் சின்னதாக்கி நடைபாதையை வெளியே இழுத்தால் கடக்கிற தூரம் மூன்று நான்கு மீட்டர் குறையும், திரும்புகிற வண்டி தானாக நிதானிக்கும். போலீஸ் முதலில் மறுப்பார்கள், நெரிசலாகும் என்பார்கள். சரி, பேரிகேடும் மணல் மூட்டையும் வைத்து இரண்டு வாரம் பார்க்கலாமே என்று கேளுங்கள். தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதையை நிரந்தரமாகக் கட்டுவதற்கு முன்னால் தடுப்பு வைத்துச் சோதனை பார்த்துத்தான் இறங்கினார்கள். 2019 நவம்பரில் அந்த நடைபாதை வளாகம் திறந்தபிறகு, கடைக்காரர்கள் பயந்த மாதிரி அங்கே வியாபாரம் படுத்துவிடவில்லை என்பதைப் போய்ப் பார்த்தால் தெரியும். அதே நடைபாதையில் இப்போது பைக் ஏறுகிறது என்பதும் தெரியும், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பஸ் ஸ்டாப்

இதைத் தனியாக எழுதக் காரணம், மெயின் ரோட்டில் கடக்கிறவர்களில் பெரும்பங்கு பஸ்ஸுக்குப் போகிறவர்கள், பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபிறகு ஸ்டாப்பில் நிற்கும் கூட்டமே மாறிவிட்டது. வீட்டு வேலைக்குப் போகிற அக்காக்கள், காய்கறி மூட்டையோடு கோயம்பேட்டிலிருந்து வருகிறவர்கள். டிக்கெட் இலவசம், ஆனால் பஸ்ஸைப் பிடிக்க நடுரோட்டுக்கு ஓட வேண்டும்.

ஏன் நடுரோட்டில் நிற்கிறது? டிரைவரைத் திட்டுவதற்கு முன்னால் கீழே பாருங்கள். ஸ்டாப் முன்னால் நான்கு ஆட்டோ, பின்னால் ஒரு டெம்போ. பஸ்ஸுக்கென்று உள்ளே வெட்டிய 'பே' இருந்தாலும் டிரைவர் உள்ளே போக மாட்டார், போனால் திரும்ப வெளியே வர யாரும் வழிவிட மாட்டார்கள். அதனால் 'பே' கேட்காதீர்கள். நேர்மாறாக, ஸ்டாப் இருக்கிற இடத்தில் நடைபாதையை வண்டி நிறுத்துகிற அகலத்துக்கு வெளியே இழுக்கச் சொல்லுங்கள். பஸ் தன் லேனிலேயே நிற்கும், ஆள் நடைபாதையிலிருந்தே ஏறலாம், ஆட்டோ அங்கே ஒதுங்க இடமே இருக்காது. 2024இலிருந்து சென்னையில் தாழ்தளப் பஸ்கள் மறுபடி ஓடுகின்றன, சக்கர நாற்காலிக்குச் சாய்பலகை இருக்கிறது. பஸ் நடைபாதையை ஒட்டி நின்றால்தான் அந்தப் பலகையால் பிரயோஜனம், நடுரோட்டில் நின்றால் வெறும் அலங்காரம்.

நிழற்குடையையும் அளந்து பாருங்கள். நடைபாதையின் முழு அகலத்தையும் அடைத்துக் கட்டிவிட்டு, பின்பக்கம் விளம்பரப் பலகை வைத்து, நடக்கிறவரை ரோட்டில் இறக்கிவிடுகிற நிழற்குடைகள் நிறைய. பெஞ்சுக்குப் பின்னால் 1.8 மீட்டர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அப்புறம் கிராசிங் பஸ்ஸுக்குப் பின்பக்கம் வரும்படி ஸ்டாப்பை நகர்த்தச் சொல்லுங்கள். இறங்கியவர் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து கடப்பதும், அந்த நேரம் பார்த்து வலதுபக்கம் ஒரு பைக் முந்துவதும், இதற்கு மேல் எழுத வேண்டாம்.

சைக்கிள்

பச்சை வர்ணம் அடித்து, சைக்கிள் படம் வரைந்து, திறப்புவிழா நடத்துவதை நம்பாதீர்கள். வர்ணத்தை மட்டும் நம்பிய சைக்கிள் பாதை மறுநாளே பார்க்கிங் ஆகும். வண்டி 50இல் ஓடும் ரோட்டில் சைக்கிளுக்குத் தனியாக, கெர்ப் கல் வைத்துப் பிரித்த இரண்டு மீட்டர் வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் ரோட்டின் வேகத்தை 30க்கு இறக்கி எல்லாரும் சேர்ந்து ஓட வேண்டும். இரண்டும் இல்லாத நடுவாந்திரத் தீர்வு எதையும் நான் உருப்படியாகப் பார்த்ததில்லை.

"இப்போ யார் சார் சைக்கிள் ஓட்டறா?" என்று ஆபீசில் கேட்பார்கள். விடிகாலை ஐந்தரைக்கு வந்து பாருங்கள் என்று சொல்லுங்கள். பேப்பர் போடும் பையன்கள், டீ கேன் கட்டியவர்கள், கட்டட வேலைக்குப் போகும் வடமாநிலத் தொழிலாளிகள், செக்யூரிட்டி டூட்டி முடிந்து திரும்புகிறவர்கள். இவர்கள் எந்த மனுவிலும் கையெழுத்துப் போடுவதில்லை. அரசாங்கமே பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கிறது, கொடுத்த சைக்கிளை ஓட்ட மெயின் ரோட்டில் ஒரு முழம் இடம் கிடையாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்ட மாநிலம் இது.

உடனே செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை: மழைநீர் வடிகால் சல்லடைகளைப் பாருங்கள். கம்பிகள் ரோடு போகிற திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் டயர் அப்படியே உள்ளே இறங்கும். சல்லடையைக் குறுக்காகத் திருப்பிப் போடச் சொல்லுங்கள், அல்லது குறுக்கே இரண்டு பட்டை வெல்டிங். மாநகராட்சியின் புகார் எண்ணான 1913க்குப் போன் போட்டு, எதிரே இருக்கிற கடை எண்ணோடு, ஒவ்வொரு சல்லடைக்கும் தனித்தனிப் புகாராகக் கொடுங்கள். மொத்தமாகப் பதினைந்து என்று ஒரே புகாராகக் கொடுத்தால் ஒன்றைச் சரிசெய்துவிட்டுப் புகாரை முடித்துவிடுவார்கள், எனக்கு அப்படித்தான் நடந்தது.

எப்போது கேட்பது

நான்கு வருடத்தில் நான் கற்றதிலேயே பெரிது இதுதான், அதுவும் தாமதமாகக் கற்றது. ரோடு நன்றாக இருக்கும்போது எதைக் கேட்டாலும் நடக்காது. ரோட்டை எப்படியும் கிழிக்கப் போகிற நேரத்தில் கேட்டால் பாதிச் செலவில் நடக்கும். வடிகால் கட்டும்போது, குழாய் பதிக்கும்போது, மெட்ரோ வேலை முடிந்து ரோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, மறுபடி தார் போடும்போது. அதிலும் எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால் போய்விட வேண்டும். வேலை உத்தரவு வந்தபிறகு போனால் ஏஇ, அதாவது உதவிப் பொறியாளர், நல்லவராகவே இருந்தாலும் "எஸ்டிமேட்ல இல்லையே சார்" என்பார், அவரால் முடியாது.

வடிகால் வேலையை விட்டுவிடாதீர்கள். சென்னையில் பெரும்பாலும் வடிகால் மூடிதான் நடைபாதை. வடிகாலை எந்த உயரத்தில் கட்டுகிறார்களோ அதுதான் அடுத்த இருபது வருடத்துக்கு உங்கள் நடைபாதை உயரம். சுவர் எழும்பும்போதே போய் டேப் வைத்து அளங்கள், கான்கிரீட் காய்ந்தபிறகு அழுது பயனில்லை. தார் போடுவதிலும் இப்படி ஒன்று இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல், அதாவது மில்லிங் செய்யாமல், மேலேயே போட்டுப் போட்டு ரோடு வீட்டு வாசலைவிட உயர்ந்துவிடுகிறது. மில்லிங் செய்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இலேயே தலைமைச் செயலாளர் உத்தரவு இருக்கிறது. ராத்திரி மெஷின் வரும்போது யாராவது இருவர் நின்று பார்த்தாலே வேலை ஒழுங்காக நடக்கும், நான் கேட்டதையெல்லாம்விட நான் சும்மா நின்றது அதிகம் வேலை செய்திருக்கிறது.

சென்னைக் கணக்கில் ஐப்பசி, கார்த்திகையில் மழை, யாரும் ரோடு போட மாட்டார்கள், ஏஇ தண்ணீர் இறைக்கிற மோட்டார் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார். பொங்கல் முடிந்ததும் மனுவோடு போங்கள். பட்ஜெட்டுக்கு முன்னால் கவுன்சிலரையும் பார்த்துவிடுங்கள், வார்டு மக்கள் கூடுகிற ஏரியா சபைக் கூட்டம் நடந்தால் அதில் பேசி கூட்டக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள்.

மனுவில் சட்டத்தையும் இரண்டு வரி சேர்க்கலாம், மிரட்டுவதற்காக இல்லை, என்ஜினியர் தன் மேலதிகாரியிடம் காட்ட ஒரு காகிதம் வேண்டும் என்பதற்காக. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் போட்ட பொதுநல வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையில்லாத நடைபாதை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 198ஏ பிரிவின்படி, வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சென்னை மாநகராட்சியே 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று, அதாவது நடைக்கும் சைக்கிளுக்கும், ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டிருக்கிறது, அதையும் ஞாபகப்படுத்துங்கள், அவர்களுக்கே மறந்திருக்கும்.

கடைக்காரர்களும் பூக்கார அக்காவும்

நடைபாதை என்றாலே "முதல்ல இந்தத் தள்ளுவண்டியை எல்லாம் தூக்குங்க" என்று ஒரு கூட்டம் கிளம்பும். அவர்களோடு சேராதீர்கள். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கும் உரிமை இருக்கிறது, அது போக, ராத்திரி ஒன்பதரைக்கு பஸ் ஸ்டாப்பில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருப்பது பூக்கார அக்காவாலும் இட்லிக் கடையாலும்தான். நடைபாதையில் மரம், கம்பம், பில்லர் பாக்ஸ் எல்லாம் ரோட்டோர விளிம்பில் ஒரு வரிசையாக வரட்டும், கடைகளும் அந்த வரிசையிலேயே உட்காரட்டும், நடக்கிற 1.8 மீட்டர் காலியாக இருக்கட்டும். எங்கள் அக்காவிடம் இதைச் சொன்னபோது தானே கூடையை இரண்டடி நகர்த்திவிட்டு, "அந்த பைக்கை நகத்தச் சொல்லு மொதல்ல" என்றார். நியாயம்தானே.

பெரிய கடைக்காரர்களின் பயம் பார்க்கிங். அவர்களோடு வாக்குவாதம் வேண்டாம், கடை வாசலில் ஒரு மணிநேரம் நின்று, வந்தவர்களில் எத்தனை பேர் நடந்தோ பஸ்ஸிலோ வந்தார்கள் என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள். எங்கள் மளிகைக்கடை அண்ணாச்சி எண்ணிவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மனுவில் கையெழுத்துப் போட்டார்.

வேலை முடிந்தபிறகு

பேவர் பிளாக் பதித்து ரிப்பன் வெட்டிய அன்றே மறுபடி டேப்பை எடுங்கள். பேவர் பிளாக்குக்கு நடுவே மேன்ஹோல் மூடி இரண்டு அங்குலம் துருத்திக்கொண்டிருக்கும். சாய்தளம் போட்டிருப்பார்கள், அதன் அடியில் மூன்று அங்குலப் படி இருக்கும். பார்வையற்றவர்களுக்கான மஞ்சள் ஓடு நேராகப் போய் மின்கம்பத்தில் முட்டும். ஒப்பந்ததாரரின் பராமரிப்புக் காலம் முடிவதற்குள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால் அவர் செலவிலேயே சரியாகும், முடிந்துவிட்டால் புது எஸ்டிமேட், புது டெண்டர், புதிதாக அலைச்சல்.

இனி நடைபாதையில் பைக் ஏறுகிற விஷயம். நடைபாதை வாயில் குத்துக்கல் நடுங்கள், ஆனால் ஒரு இடைவெளியாவது சக்கர நாற்காலி போகிற அளவுக்கு இருக்க வேண்டும், அந்த வழியாக பைக்கும் நுழையும் என்பதும் உண்மை. முழுத் தீர்வு என்னிடம் இல்லை. நெரிசல் நேரத்தில் போலீஸ் நிற்கிற ரோடுகளில் குறைகிறது, அவ்வளவுதான்.

எங்கள் ரோட்டில் கிராசிங் ரேஷன் கடை எதிரே வந்துவிட்டது. மீடியனை வெட்டி நிற்க இடம் விட்டிருக்கிறார்கள், கிராதியின் அந்தப் பளபளத்த கம்பியையும் சேர்த்தே அறுத்து எடுத்துப் போனார்கள். முக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது, இரண்டு வாரச் சோதனைக்கு போலீஸ் சரி என்று சொல்லி எட்டு மாதம் ஆகிறது. சிக்னல் 11லிருந்து 22 விநாடி ஆகியிருக்கிறது. போன வாரம் அம்மாவோடு கடந்தேன், இன்னும் 24தான் ஆகிறது. இரண்டு விநாடிக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.